மாமியார் வீட்டிலிருந்து டொலர் உழைத்தல்: இறக்காமத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வீட்டிலிருந்தபடியே இணையத்தில் எழுதிச் சம்பாதிப்பது எப்படி என்று சொல்லித்தரும் நூல்களுக்கும் காணொளிகளுக்கும் குறைவில்லை. லெப்டொப் வேண்டும், இணைப்பு வேண்டும், ஆங்கிலம் வேண்டும், பொறுமை வேண்டும் என்று அவை அடுக்கிக்கொண்டே போகும். ஆனால் இத்துறை அறிஞர்களில் ஒருவரும் அடிப்படைக் கேள்வியைத் தொடவில்லை. யாருடைய வீட்டிலிருந்து?

அமெரிக்காவில் இதைக் கேட்க வேண்டியதில்லை. வாடகையோ வங்கித் தவணையோ கட்டுகிறவரின் வீடு. சென்னையில் கேட்டால் 'அப்பா வீடு' என்று பட்டென்று பதில் வரும். அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் கலியாணம் முடித்த ஓர் ஆணிடம் கேட்டால், ஆள் கொஞ்சம் யோசிப்பார். உம்மா வீடு அவருடையதல்ல, அது தங்கச்சிக்கு. இருக்கிற வீடும் அவருடையதல்ல, அது பெண்சாதிக்கு. இங்கே வீடு பெண்வழியில் போகிறது. மகள் பிறந்த நாளிலிருந்து வாப்பா கல்லுக்கும் சீமெந்துக்கும் காசு சேர்ப்பார். கலியாணத்தோடு வீட்டை அவள் பேரில் எழுதுவார். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வார். குடி எனப்படும் குலப்பிரிவும் தாய்வழிதான். பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர் வைத்த வழக்கமும் அதையொட்டியது.

1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008 இல் வெளியிட்ட தடித்த நூலில் இவற்றையெல்லாம் விலாவாரியாக எழுதியிருக்கிறார். குடிகள், சீதன வீடு, மருமகன் மாமியார் வீட்டுக்குக் குடிவருவது, எதையும் விடவில்லை. ஆனால் அவர் களஆய்வைத் தொடங்கிய காலத்தில் இணையத்தில் சிறு வேலைகளை விற்க உதவும் பைவர் இல்லை. அந்தத் தளம் 2010 இல்தான் வந்தது. ஆகவே பகல் பதினொரு மணிக்கு மாமியார் வீட்டுக்குள்ளேயே இருக்கிற மருமகன் என்ற உயிரினம் அவர் கண்ணில் பட வாய்ப்பிருக்கவில்லை. அறிவுலகின் இந்தப் பெரும் இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

தரவுகள் தேத்தண்ணிக் கடை, கலியாண வீடு, மையித்து வீடு ஆகிய மூன்று ஆய்வுகூடங்களில் திரட்டப்பட்டன. தகவலாளிகளின் பெயர்கள் தரப்படவில்லை. ஆய்வு நெறி ஒரு காரணம். அவர்களின் மாமிமார் வாசிப்பார்கள் என்பது மற்றக் காரணம்.

களமும் கருதுகோளும்

இறக்காமம் கடலைவிட்டு உள்ளே தள்ளி, குளத்தையும் வயலையும் நம்பியிருக்கும் ஊர். உழைப்பு என்றால் என்னவென்று கல்முனையில் கரைவலையைக் காட்டி விளக்கிவிடலாம். மருதமுனையில் தறிச் சத்தமே போதும். இறக்காமத்தில் அதற்கு வேளாண்மை இருக்கிறது. சுபஹ் தொழுதுவிட்டு மண்வெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வட்டைக்குப் போகிறவர், லுஹருக்கு முன் முழங்கால்வரை சேற்றோடு திரும்புகிறார். என்ன வேலை செய்தார் என்று அவரை எவரும் கேட்பதில்லை, சேறு சொல்லிவிடுகிறது. கந்தோருக்குப் போகிறவரிடம் சேறில்லை, ஆனால் சப்பாத்து இருக்கிறது. கட்டாரில் இருப்பவர் ஊரிலேயே இல்லை. அதைவிடப் பெரிய ஆதாரம் யாருக்கு வேண்டும்?

இதிலிருந்து பின்வரும் விதி பெறப்படுகிறது: ஓர் ஆணின் உழைப்பானது அவர் பெண்சாதி வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் போகிறார் என்பதற்கு நேர்விகித சமமாகும். கட்டாரில் இது உச்சம், கந்தோரில் நடுத்தரம், வட்டையில் போதுமான அளவு. தூரம் பூச்சியமானால் உழைப்பும் பூச்சியம். கணக்கில் டொலர் விழுந்தாலும் சமன்பாடு மாறாது.

முதலாம் தகவலாளி இப்பூச்சியத்தில் வசிப்பவர். அமெரிக்கக் கம்பனிகளுக்கும் அவுஸ்திரேலியக் கடைகளுக்கும் கட்டுரை எழுதுகிறார். அவரைப் பற்றி அயலவர் ஒருவர் அவருடைய மாமியிடம் நடத்திய நேர்காணல், மதிலுக்கு மேலால் பதிவுசெய்யப்பட்டது:

"மருமகன் எழும்பிட்டாரா கா?"

"இன்னும் இல்ல. ராவெல்லாம் கம்பியூட்டர்ல இரிந்தாரு."

"என்ன வேலயாம்?"

"எழுதுறாராம். அமெரிக்காக்காரனுக்கு."

"ஏன், அவனுகளுக்கு எழுதத் தெரியாதாமா?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு மாமியிடம் விடையில்லை. ஆய்வாளரும் மூன்று நிபுணர்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டார். அவர்களும் பேச்சை மாற்றினார்கள்.

மாமியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்பதைக் குறிப்பிடாமல் போனால் ஆய்வு ஒருபக்கச் சார்பாகிவிடும். பகல் வேளையில் இந்த ஊர்களில் வீடு என்பது பெண்களின் இடம். சாச்சி வருவார், பக்கத்து வீட்டு ராத்தா அரிசி மா இடிக்கக் கேட்டு வருவார், யாருடைய மகளை யார் கேட்டு வந்தார்கள் என்ற தகவல் முன்ஹோலில்தான் பரிமாறப்படும். அங்கே ஒரு மருமகன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வருகிறவர்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலோடு திரும்பிவிடுவார்கள். ஒரே ஓர் எழுத்தாளரால் ஒரு வளவின் செய்திப் போக்குவரத்தே நின்றுபோகிறது. ஆகவே மாமி மிக மரியாதையாக, "மகன், உங்களுக்குச் சத்தமில்லாத இடம் வேணுமே" என்று, நெல் மூட்டை அடுக்கும் அறையை ஒதுக்கிக் கொடுத்தார். மெத்தைக் கட்டில்களை ஒப்பிட்டு எழுதப்பட்ட சில சிறந்த ஆங்கிலக் கட்டுரைகள் அந்த மூட்டைகளின் மேல் உட்கார்ந்து எழுதப்பட்டவை. நியூஜேர்சி வாசகர்கள் இதை அறியமாட்டார்கள். எலி சார்ஜர் வயரைக் கடித்ததையும் அறியமாட்டார்கள்.

கால இயல்

கோடைகாலத்தில் நியூயோர்க்கில் மாலை 5 மணி என்றால் இறக்காமத்தில் பின்னிரவு 2.30. குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைப்பதால் 3.30. கிளையன்ட் வேலை முடித்து வீட்டுக்குப் போகும் முன் "ஒரு சின்னத் திருத்தம்" என்று அனுப்புகிற நேரம் இதுதான்.

இந்த ஊரில் அந்த நேரத்தில் லைட் எரிகிற வீடுகள் இரண்டு வகைப்படும். ஒன்று, நோயாளி உள்ள வீடு. மற்றது, தஹஜ்ஜத் தொழுகிறவர் உள்ள வீடு. முதலாம் தகவலாளி நோயாளியாகத் தெரியாததால், கொஞ்சக் காலம் பெரிய வணக்கசாலி என்ற பெயர் அவருக்கு வந்தது. பேருக்கு அதை மறுத்தார். பிறகு மறுப்பதை நிறுத்திவிட்டார். அவருடைய சமூக மதிப்பில் அந்நாள்வரை பதிவான ஒரே உயர்வு அதுவாகும். நோன்பு மாதத்தில் மதிப்பு இன்னொரு படி ஏறும். சஹருக்கு முழு வளவையும் எழுப்பிவிடும் பொறுப்பு அவருக்கு வரும். பதினொரு மாதம் குறையாக இருந்த பழக்கம் ஒரு மாதம் தகுதியாகிறது.

பொருளியல்

கிளையன்ட் 100 டொலர் கட்டுகிறார் என்று கொள்க. பைவர் 20 சதவீதம் எடுக்கும்; மிச்சம் 80. அந்த 80 உடனே வராது. வேலை முடிந்ததாக ஏற்கப்பட்ட பின்னும் சாதாரண விற்பனையாளருக்குப் 14 நாள் தடுப்பு. பேபால் மூலம் பெறலாம் என்று வெளிநாட்டுக் காணொளிகள் சொல்லும்; இலங்கையிலிருந்து பேபாலில் காசு அனுப்பலாம், பெற முடியாது. ஆகவே பேயோனியருக்கு மாற்றி, அங்கிருந்து வங்கிக்கு இறக்கி, கட்டணங்கள் கழித்து, ஏ.டி.எம். வாசலில் கையில் எடுக்கும்போது அந்தக் கட்டுரை எதைப் பற்றியது என்பதே மறந்துபோயிருக்கும். மாமிக்கு இதை விளங்கப்படுத்த முனைந்த தகவலாளி, "காசு இரிக்கி, ஆனா இன்னும் வரல்ல" என்ற இடத்தில் சிக்கிக்கொண்டார். வேலையில்லாத எல்லா மருமகன்மாரும் சொல்லிவருகிற வசனமும் அதுதான் என்பது அவருடைய துரதிர்ஷ்டம்.

2022 இல் வரலாறு அவருக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், நாணயத்தை மிதக்கவிட்ட பிறகு மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியது. அதே 80 டொலர், அதே நாய்ப் படுக்கைக் கட்டுரை, 16,000 ரூபாயாக இருந்தது 28,800 ரூபாயாகிவிட்டது. நாடு முழுக்க அழுத நேரத்தில் சிரித்தால் பாவம் என்று அவர் முகத்தை இறுக்கி வைத்திருந்தார். இறுக்கிவைக்க அதிகம் பாடுபட வேண்டியிருக்கவில்லை. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. டொலருக்கு விலை இருந்தது, டொலரை எழுத கரண்ட் இல்லை. டீசல் இல்லாமல் மாமாவின் திரக்டரும் வளவுக்குள்ளேயே நின்றது. அதன் பற்றரியைக் கழற்றி, கரண்ட் வந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றி, இன்வேட்டர் பூட்டி எழுதினார். கல்லோயாத் தண்ணீரில் நெல் விளைய வந்த திரக்டர் ஒரு போகம் முழுக்க ஆங்கிலக் கட்டுரை விளைவித்தது.

மின்சாரம் பற்றி இன்னொரு தரவு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகலில் நாடு முழுவதும் இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். இலங்கையர்களுக்கு இது விளங்கும். தாமதமான ஓடருக்கு இதே காரணத்தை ஓர் ஆங்கில வசனமாக எழுதிக் கிளையன்டுக்கு அனுப்பிப் பார்க்கும்போதுதான், உண்மைக்கும் நம்பத்தக்க சாட்டுக்கும் எவ்வளவு தூரம் என்பது தெரியும். அனுபவமுள்ளவர்கள் குரங்கை மறைத்து 'மூத்தம்மாவுக்குச் சுகமில்லை' என்று எழுதிவிடுகிறார்கள்.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டவருக்குச் சேவை செய்து பெறும் வெளிநாட்டு நாணய வருமானத்துக்கும் வருமான வரி வந்தது. உச்சம் 15 சதவீதம். நாடெங்கும் இத்தொழிலில் உள்ளவர்கள் கொதித்துக்கொண்டிருந்தபோது முதலாம் தகவலாளி மட்டும் பத்திரிகையை மடித்து மாமாவிடம் காட்டினார். அரசாங்கமே இதைத் தொழில் என்று ஒப்புக்கொண்ட முதல் ஆவணம் அது. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு இருப்பதும், அவர் வருமானம் அதைத் தொடவில்லை என்பதும் மாமாவுக்குச் சொல்லப்படவில்லை.

விடயப்பரப்பும் மார்க்கப் பிரச்சினைகளும்

இந்த எழுத்தாளர்கள் எதைப் பற்றி எழுதுகிறார்கள் என்று கேட்டால், தாங்கள் பார்க்காத அனைத்தையும் பற்றி என்பதே சரியான விடை. அடித்தள அறைக்கு ஈரம் பிடித்தால் என்ன செய்வது, ஒஹாயோவில் வீட்டுக் காப்புறுதி எடுப்பது எப்படி, குழந்தைக்கு முதல் பனிச்சறுக்குச் சப்பாத்து எந்த அளவில் வாங்குவது. சூதாட்டம், மதுபானம், வட்டிக்கடன் பற்றிய ஓடர்களைப் பெரும்பாலானோர் எடுப்பதில்லை. அதில் பேச்சுக்கிடமில்லை. பேச்சுக்கிடமானவை இடையில் இருக்கின்றன. கிரெடிட் கார்ட் ஒப்பீடு எழுதலாமா? 'வட்டி கட்டாமல் தப்புவது எப்படி' என்று எழுதினால் ஆகுமா? பார்பிகியூ அடுப்பு பற்றி எழுதும்போது அதில் வேகும் இறைச்சியின் படத்துக்குப் பொறுப்பு யாருக்கு?

எல்லாவற்றிலும் சிக்கலானது நாய். அமெரிக்காவில் நாயைப் பற்றி எழுதாமல் இந்தத் தொழிலில் ஒருவர் நிலைக்க முடியாது. உணவு, படுக்கை, மழைச்சட்டை, மூட்டுவலி மாத்திரை எனக் கடலளவு கேள்வி இருக்கிறது. நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் கலந்து, கழுவ வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபு. நாயைப் பற்றி 1,200 சொல் எழுதிய கீபோர்டைப் பற்றிக் கிதாபுகளில் பேச்சில்லை. விடயமறிந்த ஒருவர் சிரித்துவிட்டு, சொல்லில் எச்சில் ஒட்டாது என்று தீர்த்துவைத்தார். ஆனாலும் ஒரு வீட்டில் மூத்தம்மா ஈரத்துணியோடு வந்து லெப்டொப்பைத் துடைத்துவிட்டுப் போனதாகவும், அதோடு அதன் மூன்று எழுத்துக்கள் வேலை செய்யாமல் போனதாகவும் தெரிகிறது.

இரண்டாம் தகவலாளி

ஒலுவிலில் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அரச நியமனத்துக்குக் காத்திருக்கும் இளம்பெண். காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறார். மேற்கூறிய தூர விதி இவரிடம் தலைகீழாக வேலை செய்வதை ஆய்வாளர் கண்டார். அதே லெப்டொப், அதே டொலர், அதே பின்னிரவு லைட். அவரைப் பற்றி அயலவர் சொல்வது: "நல்ல பிள்ள. வீட்டோட இரிக்கா."

அதனால் அவருடைய உழைப்பு கணக்கில் எடுக்கப்படுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஓடர் முடிய ஒரு மணித்தியாலம் இருக்கும்போது ராத்தாவின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றவும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆணுக்கு வீட்டில் இருந்தால் வேலை இல்லை என்று பேர். பெண்ணுக்கு வீட்டில் இருந்தால் எல்லா வேலையும். ஆனால் ஒன்று, அவரை எழுப்பி நெல் மூட்டை அறைக்கு அனுப்ப ஒருவருக்கும் உரிமையில்லை. அந்த வீடு அவர் பேருக்கு வரப்போவது.

இவரிடம் ஒரு நாள் பனி தள்ளும் மெஷின் பற்றிய ஓடர் வந்தது. சரளைக்கல் பாதை உள்ள வீட்டுக்கு எந்த வகை நல்லது என்று எழுத வேண்டும். பனியையும் கண்டதில்லை, மெஷினையும் கண்டதில்லை. காணொளியை ஓடவிட்டு விழித்துக்கொண்டிருந்தபோது, ஆரம்பம் முதல் இந்த வேலையை விரும்பாத வாப்பா பின்னால் வந்து நின்றார். முப்பது வருடமாகத் திரக்டரோடு பழகியவர். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது நிலத்தில முட்டிச் சுத்துது. கல்லையும் சேத்து எறியும். ஆள்ள பட்டா மண்ட ஒடயும்."

அடுத்த காணொளியில் இரண்டு கட்ட மெஷின். அதன் சுருள் அலகு நிலத்தில் முட்டாமல் கொஞ்சம் உயர்ந்து நின்றது.

"இதுதான் சரி. மறுகா, அந்தச் சுருளுக்குள்ள ஒரு பின் இரிக்கணும். கல்லு மாட்டினா பின் ஒடயணும் மகள். இல்லாட்டி கியர்ப் பொட்டி போயிரும். எங்கட ரொட்டவேட்டருக்கும் அப்பிடித்தான்."

அவர் சொன்னது அச்சொட்டாகச் சரி. கட்டுரையில் அந்த முறியும் பின் பற்றி ஒரு பத்தி சேர்ந்தது. கிளையன்ட் ஐந்து நட்சத்திரம் போட்டார். குளிர்நாட்டில் ஒருவர் கல்லடி படாமல் பனி தள்ளுகிறார் என்றால் அதில் இறக்காமத்து உழவர் ஒருவரின் பங்கு இருக்கலாம். அன்று முதல் வாப்பா இரவுச் சோற்றுக்குப் பிறகு, "இண்டைக்கு என்ன மெஷின்?" என்று கேட்பதாகத் தகவல்.

இதே கட்டுரை இன்னொரு கிளையன்டிடம் போயிருந்தால் இயந்திரம் எழுதியது என்று திரும்பி வந்திருக்கவும் கூடும். 2022 நவம்பர் 30 இல் சட்ஜிபிடி வந்த பிறகு ஓடர்கள் மெலிந்தது ஒரு பக்கம். மனிதர் எழுதியதை இயந்திரத்தினது என்று பிடிக்கும் கருவிகள் மறுபக்கம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை இப்படிப்பட்ட கருவிகளிடம் கொடுத்துப் பார்த்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை இயந்திரத்தின் வேலை என்று தீர்ப்பு வந்ததை 2023 இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஓபன்ஏஐ நிறுவனம் தன் சொந்தக் கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதாதென்று விலக்கிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் இலக்கணம் பிசகாமல் எழுதப் பழகியதற்கு இந்தப் பிள்ளைகள் இப்போது தண்டம் கட்டுகிறார்கள். இரண்டாம் தகவலாளி வேண்டுமென்றே அங்கங்கே ஒரு சின்னப் பிழை விடுகிறார். பரீட்சையில் அதற்குப் புள்ளி குறைத்த ஆசிரியை அடுத்த தெருவில்தான் இருக்கிறார்.

இக்கரையோரத்துக்கு எழுத்து புதிதல்ல. காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலானந்தர் பேராசிரியர். கல்முனைக்குடி எம்.ஏ. நுஃமானும் பேராசிரியர். தூரத்தில், 1882 இல் கண்டியில் 'முஸ்லிம் நேசன்' தொடங்கிய சித்திலெவ்வை சட்டத்தரணி. எழுதியவர்களுக்குச் சோறு வேறெங்கிருந்தோ வந்தது. எழுத்தில் பேர் வந்தது. எழுத்தால் மட்டும் சோறு சாப்பிடும் தலைமுறை இப்போதுதான் உருவாகியிருக்கிறது, அவர்களின் பேர் எங்கும் இல்லை. கட்டுரைக்கு மேலே ஒஹாயோக்காரர் ஒருவரின் புன்னகை முகம் இருக்கிறது. இதைப் பெரிய இழப்பென்று இக்கட்டுரையாளர் கருதவில்லை. நாய்ப் படுக்கைக்குக் கீழே தன் பேர் வரவேண்டும் என்று எந்தக் குடும்பத்துப் பிள்ளை ஆசைப்படும்? ஆனால் இரண்டாம் தகவலாளியின் டொலர் எங்கே போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அது அவருடைய சீதன வீட்டின் மேல்தட்டுக்குக் கம்பியாகவும் சீமெந்தாகவும் போகிறது. வாப்பா கட்டிக்கொடுக்க வேண்டிய வீட்டை மகளே கட்டுகிறாள். எவரோ ஒருவர் உடுப்புப் பெட்டியோடு வருவதற்காக. வேறு எதையும் விட, மெக்கில்வ்ரே இன்னொரு தரம் வந்து பார்க்க வேண்டியது இதைத்தான்.

பரிகாரமும் பின்விளைவும்

முதலாம் தகவலாளி இறுதியில் தன் பிரச்சினையை விஞ்ஞானபூர்வமாகத் தீர்த்தார். பசாரில் ஒரு கொமினிகேஷன் கடைக்குப் பின்னால் சிறிய அறையை வாடகைக்கு எடுத்தார். காலை எட்டரைக்குக் குளித்து, சேட்டை உள்ளேவிட்டு, சோற்றுப் பார்சலோடு மோட்டார் சைக்கிளை எடுக்கிறார். மாலையில் வருகிறார். அங்கே போய்ப் பகல் முழுக்கத் தூங்குகிறார். அமெரிக்காவில் அப்போது இரவு. எழுத்து வேலை எப்போதும்போல ராவில் நெல் மூட்டை அறையில்தான் நடக்கிறது. ஆனால் மாமி இப்போது முன்ஹோலில் நிம்மதியாக இருந்து, "மருமகன் வேலைக்குப் போயிட்டாரு" என்கிறார். தூர விதி இதன்மூலம் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படுகிறது: வீட்டில் செய்த வேலை வேலையல்ல, வெளியில் போட்ட தூக்கம் வேலை.

இத்தீர்வு கலியாணச் சந்தையில் பரவத் தொடங்கியிருக்கிறது. அண்மையில் இரண்டாம் தகவலாளிக்கு ஒரு பேச்சு வந்தது. மாப்பிள்ளையும் இணையத்தில் எழுதுகிறவர். தரகர் வழக்கமான கேள்விகளையெல்லாம் முடித்தார். கிணறு, கக்கூஸ், மாபிள், மதில். அதோடு பைபர் லைன் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொண்டார். உம்மா எல்லாவற்றுக்கும் ஆம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்:

"வீடு முடிஞ்சிட்டு. மாப்பிள்ள போயிருக்கிறத்துக்குப் பசார்ல ரூமும் நாங்கதான் எடுத்துக் குடுக்கணுமா?"

"கேட்டுச் சொல்றன்" என்று தரகர் கொப்பியில் குறித்துக்கொண்டார்.